ஃபோர்டா, செவியா, ராமா? பிக்கப் டிரக் சண்டையின் உள்விவகாரம்

அமெரிக்க நெடுஞ்சாலையில் பிக்கப் டிரக்குகளின் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனால், எப்போதாவது அந்த ஸ்டிக்கர் கண்ணில் படும். குறும்புச் சிரிப்போடு ஒரு சிறுவன், எதிர் பிராண்டின் சின்னத்தின் மேல் சிறுநீர் கழித்துக்கொண்டிருப்பான். 1990-களில் பரவிய ஸ்டிக்கர் இது. ஃபோர்டுக்காரரின் வண்டியில் செவர்லே சின்னம் நனையும், செவர்லேக்காரரின் வண்டியில் ஃபோர்டு சின்னம். ஃபோர்டு என்ற பெயரையே எழுத்தெழுத்தாகப் பிரித்து 'ஃபவுண்ட் ஆன் ரோட் டெட்', அதாவது சாலையில் செத்துக் கிடந்தது என்று ஒரு கட்சி கிண்டலடிக்கும். 'ஃபர்ஸ்ட் ஆன் ரேஸ் டே', பந்தயத்தில் முதலிடம் என்று மறு கட்சி பதிலடி கொடுக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை விளம்பர மயக்கம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உள்ளே இருப்பவர்களோ தங்கள் பிராண்ட் நிஜமாகவே ஒசத்தி என்கிறார்கள். இரண்டுமே பாதிதான் சரி. ஒரே பிராண்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் கைக்காசு சம்பந்தப்பட்ட காரணங்கள் நிறைய உண்டு. அதே நேரம், சண்டையில் வீசப்படும் எண்களில் பெரும்பாலானவை வீசுகிறவரின் சொந்த வண்டிக்கே பொருந்தாதவை.

## களத்தில் யார் யார்

பிக்கப் என்பது முன்னால் ஆட்களுக்கு ஒரு கேபினும் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியும் உள்ள வண்டி. ஃபோர்டு 1925-லேயே மாடல் டி காரில் தொட்டி பொருத்தி விற்றது. அதன் எஃப் வரிசை 1948-ல் வந்தது. 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் டிரக் வரிசை அதுதான். எதிரே ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே சில்வராடோ. செவர்லேயைப் பேச்சுவழக்கில் செவி என்பார்கள். மூன்றாவது ராம், 2009 வரை டாட்ஜ் ராம் என்ற பெயரில் இருந்து, பிறகு தனி பிராண்டாகப் பிரிந்தது. டொயோட்டாவின் டன்ட்ரா ஓரமாக நிற்கிறது.

சண்டை ஏன் பெரும்பாலும் மூன்று பேருக்குள்ளேயே நடக்கிறது? காரணம் கோழி. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரியை ஏற்றின. பதிலுக்கு அமெரிக்கா, இறக்குமதியாகும் இலகு டிரக்குகள் மீது 25 சதவீத வரி போட்டது. 1964-ல் அமலுக்கு வந்த இதைக் 'கோழி வரி' என்றே சொல்கிறார்கள். கோழித் தகராறு மறந்துபோயிற்று, வரி மட்டும் நிலைத்துவிட்டது. வெளிநாட்டு டிரக்குகள் உள்ளே வருவது கடினமானதால், தலைமுறை தலைமுறையாக மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது டெட்ராய்ட்டின் மூன்று நிறுவனங்களிலிருந்துதான். டொயோட்டா டன்ட்ராவை டெக்சாஸின் சான் அன்டோனியோவில் தயாரிப்பதற்கு இந்த வரியும் ஒரு காரணம்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே தெரிந்துகொள்ளலாம். 'அரை டன்' வண்டி என்றால் எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 போன்றவை. 250 அல்லது 2500 என்று முடிந்தால் முக்கால் டன், 350 அல்லது 3500 என்றால் ஒரு டன். இவை அந்தக் காலத்தில் தொட்டியில் ஏற்றக்கூடிய எடையைக் குறித்த பெயர்கள். இன்றைய அரை டன் வண்டிகளில் பல முக்கால் டன்னுக்கு மேலேயே சுமக்கும். பெயர் வகையைச் சொல்கிறதே தவிர எடையைச் சொல்வதில்லை.

ஆக, மூன்று பெரிய பிராண்டுகள், ஒரு பழைய வரி, அர்த்தம் தேய்ந்துபோன சில பெயர்கள். களம் இவ்வளவுதான்.

## விட்டுப்போக முடியாத விசுவாசம்

பல ஆண்டுகளாக ஒரே முடிதிருத்துபவரிடம் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரிலேயே சிறந்தவர் என்பதற்காக அவர் அங்கே போவதில்லை. புது ஆளிடம் முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டும், முதல் தடவை சொதப்பினால் ஒரு மாதம் அந்தத் தலையோடு திரிய வேண்டும். இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கையைக் கடிக்கும் பணம், நேரம், தொல்லை எல்லாவற்றையும் சேர்த்து மாறும் செலவு என்கிறார்கள்.

பிக்கப்பில் இந்தச் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைச் சக்கரத்திலேயே பார்க்கலாம். பனி கொட்டும் மாநிலங்களில் பலர் குளிர்கால டயர்களைத் தனியாக நான்கு ரிம்களில் மாட்டி வைத்திருப்பார்கள். எஃப்-150-ன் ரிம்மில் ஆறு போல்ட்டுகள், 135 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருக்கும். சில்வராடோ 1500-லும் 2019-ல் வந்த புதிய ராம் 1500-லும் அதே ஆறு போல்ட், ஆனால் வட்டம் 139.7 மில்லிமீட்டர். வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணால் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும், மாட்டப் போனால் துளை உட்காராது. ஒற்றைப் பின்சக்கரம் கொண்ட கனரக பிக்கப்புகளுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. மூன்றிலும் எட்டு போல்ட். ஃபோர்டில் 170, ஜெனரல் மோட்டார்ஸில் 180, ராமில் 165.1 மில்லிமீட்டர். ஒருவர் சக்கரம் இன்னொருவருக்கு ஆகாது.

தொட்டியை மூடும் கூண்டு, தொட்டிக்குள் பொருத்தும் கருவிப்பெட்டி, ஓரங்களில் மாட்டும் படி எல்லாமே இப்படித்தான். அந்த மாடலின் அளவுக்கு வெட்டியவை. ஃபோர்டின் கணினிப் பிழைகளைப் படிக்க ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளைக் கற்றுவைத்திருப்பவருக்கு, செவி வாங்கினால் அந்தப் படிப்பு உதவாது.

என் கணிப்பில் இதையெல்லாம்விடப் பெரிய மாறும் செலவு வேறு. அது நோய் தெரிந்திருப்பது. ஒவ்வொரு பிராண்டுக்கும் பேர்போன கோளாறுகள் உண்டு, நீண்டகால உரிமையாளருக்கு அவை மனப்பாடம்.

ஃபோர்டின் 5.4 லிட்டர், மூன்று வால்வு என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 முதல் சில ஆண்டுகள் அதில் வந்த ஸ்பார்க் பிளக்குகள் இரண்டு துண்டுகளை இணைத்துச் செய்தவை. கரி படிந்து அடிப்பாகம் ஒட்டிக்கொள்ளும். வழக்கம்போல ஸ்பேனரைப் போட்டு ஒரே மூச்சில் திருகினால் மேல்பாகம் கையோடு வரும், கீழ்ப்பாகம் என்ஜினுக்குள்ளேயே தங்கிவிடும். பழகியவர்கள் என்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருப்பார்கள். பிளக்கை எட்டில் ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, குழிக்குள் கார்புரேட்டர் கிளீனர் விட்டு, கால் மணி நேரமாவது ஊறவிடுவார்கள். பிறகு முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து அசைத்துக் கழற்றுவார்கள்.

செவியின் 5.3 லிட்டர் என்ஜினில் வேறு கதை. சுமை குறைவாக இருக்கும்போது எரிபொருளை மிச்சப்படுத்த எட்டில் நான்கு சிலிண்டர்கள் ஓய்வெடுக்கும். அதற்காக வால்வைத் தூக்கும் லிஃப்டருக்குள் ஒரு சின்னப் பூட்டு இருக்கிறது. அது சிக்கிக்கொண்டால் டிக் டிக் சத்தம் வரும், ஒரு சிலிண்டர் சரியாக எரியாது. ராமின் 5.7 லிட்டர் ஹெமி என்ஜினிலும் டிக் சத்தம் கேட்கும். ஆனால் அங்கே பெரும்பாலும் புகைபோக்கிக் குழாயை என்ஜினின் தலைப்பாகத்தோடு பிணைக்கும் போல்ட் உடைந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பலமாகக் கேட்டு, இரும்பு சூடாகி விரிந்ததும் அடங்கினால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

இருபது வருடம் ஃபோர்டு ஓட்டியவர் இன்னொரு ஃபோர்டு வாங்கும்போது, குறையே இல்லாத வண்டி என்று நம்பி வாங்குவதில்லை. எந்தக் குறை வரும், எந்தச் சத்தத்தோடு வரும், யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்பது தெரிந்து வாங்குகிறார். இதில் மயக்கம் ஒன்றுமில்லை.

டீசல்காரர்களின் விசுவாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1989-ல் டாட்ஜ் தன் பிக்கப்பில் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் டீசலைப் பொருத்தியது. கம்மின்ஸ் இந்தியானாவில் இருக்கும் தனி நிறுவனம். இன்றும் ராம் கனரக வண்டி வாங்கும் பலர், 'கம்மின்ஸ் வாங்கினேன், ராம் கூட வந்தது' என்பார்கள். ஃபோர்டில் 2003-ல் வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசலின் ஹெட் கேஸ்கெட்டும் புகையைக் குளிர்விக்கும் கூலரும் பேர்போன தலைவலிகள். அந்த என்ஜினைச் செய்துகொடுத்தது நாவிஸ்டார். வாரண்டிச் செலவு யாருடையது என்று இரண்டு நிறுவனங்களும் நீதிமன்றம் வரை போயின. 2011 மாடலிலிருந்து ஃபோர்டு தானே 6.7 லிட்டர் டீசலைச் செய்யத் தொடங்கியது. தொட்டியின் பின்கதவில் ஒரு பெயர், பானெட்டுக்குள் இன்னொரு பெயர். எதற்கு விசுவாசம் என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

சுருக்கமாக, ஒரே பிராண்டைத் திரும்பத் திரும்ப வாங்குவதில் பாதி கணக்கு: கையில் இருக்கும் பாகங்கள், தெரிந்த மெக்கானிக், தெரிந்த நோய்.

## கணக்கு முடிந்து கட்சி தொடங்கும் இடம்

மாறும் செலவு ஒருவர் ஏன் ஃபோர்டிலேயே இருக்கிறார் என்பதைச் சொல்கிறது. செவியை ஏன் வெறுக்கிறார் என்பதைச் சொல்லவில்லை.

பள்ளி விளையாட்டு விழாவில் வகுப்பைச் சிவப்பு அணி, பச்சை அணி என்று பிரிக்கிறார்கள். நேற்றுவரை ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் மாலைக்குள் ஒருவரையொருவர் முறைக்கிறார்கள். உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் இதை இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பதின்வயதுப் பையன்களை வைத்துச் சோதித்து 1970-ல் எழுதினார். இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடித்தது என்பது போன்ற அற்பக் காரணத்தைச் சொல்லிப் பையன்களைப் பிரித்தார்கள். பிறகு பணத்தைப் பங்கிடச் சொன்னார்கள். தங்கள் அணிக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிரணியைவிட எவ்வளவு முடியுமோ அவ்வளவு முந்தி நிற்க வேண்டும் என்ற பக்கமே பலர் சாய்ந்தார்கள். இதிலிருந்து வளர்ந்த கருத்துக்குச் சமூக அடையாளம் என்று பெயர்: நான் யார் என்பதன் ஒரு பகுதியை, நான் சேர்ந்திருக்கும் கூட்டத்திடமிருந்து எடுத்துக்கொள்வது.

ஓவியத்துக்கே இந்தப் பாடு என்றால், அப்பா ஓட்டக் கற்றுக்கொடுத்த வண்டிக்குச் சொல்லவே வேண்டாம். பெற்றோர் வைத்திருக்கும் கார் பிராண்டுக்கும் வளர்ந்த பிள்ளைகள் வாங்கும் பிராண்டுக்கும் வலுவான தொடர்பு இருப்பதை, அமெரிக்கக் குடும்பங்களின் நீண்டகாலத் தரவுகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள்.

வாங்கிய பிறகு இன்னொன்று நடக்கிறது. புதிதாகக் கார் வாங்கியவர்கள் எந்த விளம்பரங்களைப் படிக்கிறார்கள் என்று 1957-ல் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. யோசித்துவிட்டு வாங்காமல் விட்ட கார்களின் விளம்பரத்தைவிட, ஏற்கெனவே வாங்கி வீட்டில் நிறுத்திவிட்ட காரின் விளம்பரத்தை அவர்கள் அதிகம் படித்தார்கள். காசு கொடுத்தாயிற்று, இனி அந்த முடிவு சரி என்று மனசுக்கு யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பிக்கப் விளம்பரங்களில் ஒரு பகுதி வாங்கப்போகிறவருக்கு, மறுபகுதி வாங்கிவிட்டவருக்கு.

கட்சி என்று ஆகிவிட்டால் உள்ளே இருப்பது ஒன்றேதான் என்றாலும் சண்டை ஓயாது. செவர்லே சில்வராடோவும் ஜிஎம்சி சியராவும் ஒரே நிறுவனத்தின் ஒரே அடித்தளத்தில் கட்டியவை. இந்தியானாவின் ஃபோர்ட் வெய்ன் ஆலையிலிருந்து இரண்டுமே வருகின்றன. இருந்தும் சியராக்காரர் சில்வராடோவைக் கொஞ்சம் கீழே வைத்துத்தான் பார்ப்பார். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பத்து கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைச் சேர்ந்தே வடிவமைத்தன. ஆகவே கியர்பாக்ஸை வைத்து இந்த இரண்டு கட்சிகளும் திட்டிக்கொள்வதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

அலுமினியக் கதை இதையும் மிஞ்சும். 2015 எஃப்-150-க்கு ஃபோர்டு அலுமினிய உடல் போட்டு எடையை 700 பவுண்டு வரை குறைத்தது. அடுத்த ஆண்டு செவர்லே ஒரு விளம்பரம் விட்டது. இரண்டு வண்டிகளின் தொட்டியிலும் தோட்டக் கற்களைக் கொட்டுகிறார்கள். அலுமினியம் கிழிகிறது, எஃகு நெளிவதோடு நிற்கிறது. 2019-ல் வந்த புதிய சில்வராடோவில் பானெட், கதவுகள், பின்கதவு எல்லாம் அலுமினியம். தொட்டி மட்டும் எஃகு.

## எண்களை வைத்து நடக்கும் சண்டை

'என் வண்டி பதினான்காயிரம் பவுண்டு இழுக்கும்' என்பது அடிக்கடி கேட்கும் வசனம். இழுவைத் திறன் என்பது வண்டியின் பின்னால் கோத்து இழுக்கக்கூடிய டிரெய்லரின் அதிகபட்ச எடை. ஒரு பவுண்டு கிட்டத்தட்ட 0.45 கிலோ. 2022 மாடல் அரை டன் வண்டிகளில் நிறுவனங்கள் சொன்ன உச்ச எண்கள்: எஃப்-150 14,000, சில்வராடோ 13,300, ராம் 12,750, டன்ட்ரா 12,000 பவுண்டு.

ஒரு காலத்தில் இந்த எண்களை அவரவர் சோதித்து அவரவர் சொல்லிக்கொண்டார்கள். 2008-ல் எஸ்ஏஇ ஜே2807 என்ற பொதுச் சோதனை முறை எழுதப்பட்டது. முதலில் ஏற்றுக்கொண்டது டொயோட்டா. டெட்ராய்ட் நிறுவனங்கள் 2015 மாடல் வாக்கில்தான் முழுமையாக வந்து சேர்ந்தன. ஓட்டுநரும் ஒரு பயணியும் தலா 150 பவுண்டு என்று வைத்து, டிரெய்லரோடு நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை 30 நொடிக்குள் தொட வேண்டும். அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கமுள்ள 11.4 மைல் ஏற்றத்தை, ஏசி முழு வேகத்தில் ஓட, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். ஆகவே இந்த எண்கள் பொய்யில்லை.

சிக்கல் வேறு. அந்த உச்ச எண் ஒரு பிராண்டுக்கோ மாடலுக்கோ உரியதல்ல. குறிப்பிட்ட என்ஜின், குறிப்பிட்ட ஆக்சில் விகிதம், குறிப்பிட்ட கேபின் நீளம், இழுவைக்கான தனிப் பொதி எல்லாம் சேர்ந்த ஒரே ஒரு வண்டிக்கு உரியது. ஆக்சில் விகிதம் என்பது சக்கரம் ஒருமுறை சுழல என்ஜினிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்பது. 3.92 உள்ள வண்டி அதே என்ஜினோடு 3.21 உள்ள வண்டியைவிட நிறைய இழுக்கும். விளம்பர எண்ணைப் பெருமையாகச் சொல்கிறவர் வாங்கியது பெரும்பாலும் தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம் உள்ள வேறொரு வண்டி.

அதைவிட முக்கியம், டிரெய்லரை இழுக்க மட்டும் செய்வதில்லை, அதன் ஒரு பகுதியைச் சுமக்கவும் வேண்டும். நாற்காலியோடு நாற்காலியாக ஒருவரை இழுத்துப் பாருங்கள், எளிது. தோளில் தூக்குவது வேறு விஷயம். பிக்கப்பின் பின்னால் உள்ள கொக்கி ஹிட்ச். அதன் மேல் டிரெய்லரின் மூக்கு அழுத்தும் எடை நாக்கு எடை. இது டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பாக நெளிந்து வண்டியையும் இழுத்துப்போகும். அதனால் நாக்கு எடையைக் குறைத்துத் தப்பிக்க வழியில்லை.

வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய மொத்த எடைக்கு பேலோடு என்று பெயர். ஆட்கள், பெட்டிகள், கூடுதலாகப் பொருத்திய சாமான்கள், நாக்கு எடை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அரை டன் வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்தம் எழுதிய ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். உங்கள் வண்டியின் பேலோடு அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டிக்கரில் 1,480 என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் நான்கு பேர், 500 பவுண்டு. ஹிட்ச் சாமான் 70. சாமான்கள் ஏற்றிய டிரெய்லர் 9,000; நாக்கு எடை 12.5 சதவீதம் என்றால் 1,125. மொத்தம் 1,695. வரம்பைவிட 215 பவுண்டு அதிகம், இத்தனைக்கும் தொட்டியில் இன்னும் ஒரு பை வைக்கவில்லை. இதே வண்டிக்கு விளம்பரம் 11,000 பவுண்டு இழுவை என்று சொல்லியிருக்கலாம். பின்னோக்கிக் கணக்கிட்டால், 1,480-ல் 570 போக மீதி 910. அதை 0.125-ஆல் வகுத்தால் 7,280. இந்தக் குடும்பத்துக்கு இந்த வண்டியின் நிஜ இழுவைத் திறன் அதுதான்.

வரம்பைத் தாண்டினால் உடனே ஒன்றும் உடையாது, ஏமாறுவதும் அதனால்தான். பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் லேசாகும். ஸ்டீயரிங் மிதக்கும், பிரேக் தூரம் கூடும், பின்டயர் சூடாகும்.

இழுவை எண் சோதனைச் சாலையில் பிறந்தது, பேலோடு எண் உங்கள் கதவில் ஒட்டியிருக்கிறது. இரண்டும் மோதினால் கதவில் இருப்பதற்குத்தான் கட்டுப்பட வேண்டும்.

## தராசில் பார்ப்பது எப்படி

ஷோரூமில் அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாடல் வண்டிகள் இரண்டின் கதவுகளைத் திறந்து ஸ்டிக்கர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு சக்கர இயக்கம், கண்ணாடிக் கூரை, மின்படி என்று ஒவ்வொன்றும் பேலோடைத் தின்றிருக்கும். ஒரே பிராண்டின் இரண்டு வண்டிகளுக்குள் பல நூறு பவுண்டு வித்தியாசம் வரும். பிராண்டுக்கும் பிராண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அது சாதாரணமாக விழுங்கிவிடும்.

வாங்கிய பிறகு லாரி நிறுத்தங்களில் இருக்கும் 'கேட்' (CAT) என்ற பெயருள்ள வண்டித் தராசுகளில் எடை போடலாம். பயணத்துக்குப் போவது போலவே ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, ஹிட்ச் சாமானையும் மாட்டி, டிரெய்லரைக் கோத்து, முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் மூன்றும் தனித்தனிப் பலகையில் நிற்கும்படி நிறுத்துங்கள். எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு, டிரெய்லரை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியை மட்டும் மறுபடி ஏற்றுங்கள். முதல் சீட்டில் வண்டியின் இரண்டு ஆக்சில் எடைகளைக் கூட்டி, இரண்டாம் சீட்டின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவது, டிரெய்லர் வண்டியின் மேல் ஏற்றும் எடை; ஸ்பிரிங் கம்பிகள் இல்லாத ஹிட்ச் என்றால் அதுவே நாக்கு எடை. முதல் சீட்டில் முன் ஆக்சில் எடை இரண்டாவதைவிட நிறையக் குறைந்திருந்தால், எடையை முன்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங் கம்பிகள் கொண்ட ஹிட்ச் தேவை. ஏற்கெனவே அது இருந்தால் கம்பியின் இழுப்பைக் கூட்டி மாட்டிவிட்டு மறுபடி தராசில் ஏற்ற வேண்டும். அந்தக் கம்பிகள் எடையை ஆக்சில்களுக்கிடையே பகிருமே தவிர, கதவு ஸ்டிக்கரில் உள்ள எண்ணைக் கூட்டாது.